உஷார்! உங்கள் வயலின் வாயுவை யார் அளந்தார்கள்?

நெல் சாகுபடி செய்யும் எவரிடமும் இன்று இல்லாவிட்டாலும் நாளை ஒரு ஒப்பந்தத் தாள் நீட்டப்படலாம். "உங்கள் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனைக் குறைத்தால் கார்பன் கிரெடிட் கிடைக்கும், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு" என்பதுதான் அதன் சாரம். கார்பன் கிரெடிட் என்பது, புவியைச் சூடாக்கும் வாயுவைக் குறைத்ததற்கு ஈடாக விற்கக்கூடிய சான்று. நீர் மறைய நீர் கட்டுங்கள், போட்டோ எடுத்து செயலியில் ஏற்றுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். பருவம் முடிந்ததும் ஏக்கருக்கு இத்தனை டன் குறைந்தது என்று ஒரு எண் வரும். பணம் அந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வயலிலும் கருவி வைத்து வாயுவை அளப்பது கட்டுப்படியாகாத வேலை. அதனால் இரண்டு வழிகளில் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, சர்வதேச அட்டவணையில் உள்ள சராசரியை எடுத்து ஏக்கர் கணக்கால் பெருக்குவது. இன்னொன்று, மண், மழை, உரம், நீர் விவரங்களைக் கணினி மாடலுக்குக் கொடுத்து விடை வாங்குவது. எண் இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாக வந்து நிற்கும். அந்தத் தசமத்தைப் பார்த்து யாரோ வயலில் அளந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அளந்ததல்ல, கணித்தது.

கணிப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாடல் இல்லாமல் ஒரு நாட்டின் வயல்களைக் கணக்கில் கொண்டுவரவே முடியாது. ஆனால் அந்த மாடலை நம் மண்ணில், நம் பட்டத்தில், உண்மையான அளவீட்டோடு வைத்துப் பார்த்தார்களா என்று கேட்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே ஒரு பாடம் கற்றிருக்கிறது.

1990-களின் தொடக்கம். பருவநிலை மாற்றத்துக்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்று உலக அரங்கில் கணக்குப் பார்க்கத் தொடங்கிய காலம். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பெயரில் ஒரு மதிப்பீடு புழக்கத்துக்கு வந்தது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் அளந்த எண்களை எடுத்து, இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கியதில் கிடைத்த விடை அது. அங்கே வயலில் பருவம் முழுக்க நீர் நிற்கும். இங்கே மானாவாரி நெல் உண்டு, மேட்டு நில நெல் உண்டு, நடுவில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து வெடிக்கும் வயலும் உண்டு. இத்தாலியில் அளந்ததை ஒடிசாவுக்கு எப்படிப் பொருத்துவது?

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா அந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் ஒருங்கிணைந்த மீத்தேன் அளவீட்டு இயக்கம் அவர் தலைமையில் நடந்தது. விஞ்ஞானிகள் வயலில் இறங்கி, பெட்டி வைத்து, வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்த விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு! 2004-ல் ஐ.நா.வுக்கு இந்தியா கொடுத்த முதல் தேசிய அறிக்கையிலும் 1994-ம் ஆண்டுக்கு நெல்வயல் மீத்தேன் 40.9 லட்சம் டன் என்றே பதிவானது. யாரும் வயலில் இறங்கி அளக்காமல் இருந்திருந்தால், செய்யாத குற்றத்துக்கு இந்திய விவசாயி உலகத்தின் முன் கூண்டில் நின்றிருப்பார்.

அன்று எண் மிகையாக வந்து நம்மைக் குற்றவாளி ஆக்கப் பார்த்தது. இன்று ஆபத்து வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. குறைந்ததாகச் சொல்லும் எண் மிகையாக வந்தால் கிரெடிட் கூடும், விற்பவருக்கு லாபம். மிகையைச் சரிபார்க்க வேண்டும் என்ற அவசரம் விற்பவருக்கும் இல்லை, வாங்குபவருக்கும் இல்லை. பின்னால் யாராவது சோதித்து, கணக்கு தப்பு என்று தீர்ப்பு வந்தால் திட்டம் கவிழும். உழைத்த உழைப்புக்குப் பங்கு வராமல் நிற்பது விவசாயி.

சோதிப்பது என்றால் என்ன, அதையும் பார்த்துவிடுவோம். நீர் நிற்கும் சேற்றில் பிராணவாயு இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், வேர்க்கழிவு, தொழுஉரம் இவற்றைச் சிதைத்து மீத்தேன் உண்டாக்குகின்றன. அதில் பெரும்பங்கு நெல் தாளுக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது. மிச்சம் குமிழியாகவும், நீரின் ஊடே கசிந்தும் மேலே வருகிறது. இதைப் பிடிக்க, முதலிலேயே சேற்றில் ஒரு சட்டத்தைப் பதித்து வைப்பார்கள். அளக்கும் நாளில், காலை 9 முதல் 11 மணி வாக்கில், சில குத்துகளை மூடும்படி அதன்மேல் ஒரு கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டத்தின் ஓரப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் காற்று கசியாது. உள்ளே காற்றைக் கலக்க பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. மூடிய கையோடு ஒரு சாம்பிள், பத்து நிமிடத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று என்று ஊசிக்குழலால் உறிஞ்சிக் குப்பிகளில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி, குப்பிக்குள் மீத்தேன் எவ்வளவு என்று சொல்லும். நான்கு புள்ளிகளும் சீராக ஏறினால் அளவு நம்பத்தக்கது. ஒன்று மட்டும் திடீரென எகிறினால், பக்கத்தில் யாரோ சேற்றை மிதித்து அடியில் கிடந்த குமிழியைக் கிளப்பிவிட்டிருக்கலாம். அந்தச் சாம்பிள் கழிக்கப்படும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் வயலுக்குள் பலகைப் பாலம் போட்டு, அதன்மேல் நின்றே அளக்கிறார்கள். நடவு முதல் அறுவடை வரை, வாரம் தவறாமல், சில நாட்களில் தினமும் இப்படி.

இதை ஒரு பருவம் முழுக்கச் செய்து கிடைத்த எண்ணோடு மாடல் சொன்ன எண்ணை ஒப்பிடுவதுதான் சோதனை. இந்த இடத்தில்தான் கண்ணை மறைக்கும் வேலைகள் நிறைய நடக்கலாம்.

முதல் எச்சரிக்கை இது. எந்த அளவீடுகளை வைத்து மாடலைத் திருகித் திருகிச் சரிசெய்தார்களோ, அதே அளவீடுகளோடு ஒப்பிட்டு "அருமையாகப் பொருந்துகிறது" என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது சோதனையே அல்ல. மாடல் முன்பு பார்த்தே இராத வயல், பார்த்தே இராத பருவம், அதன் அளவீடு எங்கோ பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மாடல் முதலில் விடையைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும். விண்வெளியிலிருந்து மீத்தேன் பார்க்கும் செயற்கைக்கோள்களுக்கே இப்படி ஒரு பரீட்சை வைத்தார்கள். 2022-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் காசா கிராண்டே என்ற ஊர் அருகே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, தனக்கு மட்டுமே தெரிந்த அளவில் மீத்தேனைத் திறந்துவிட்டது. ஒன்பது செயற்கைக்கோள் அமைப்புகளின் தரவை ஆராயும் குழுக்கள், எவ்வளவு திறந்துவிடப்பட்டது என்று தெரியாமலே விடை எழுதின. ராக்கெட் ஏறிய கருவிக்கே கண்ணைக் கட்டிப் பரீட்சை வைக்கிறார்கள் என்றால், மேசையில் ஓடும் மாடலுக்கு மட்டும் என்ன சலுகை?

அடுத்தது 'ஆர்-ஸ்கொயர்' என்ற ஒரு எண். அறிக்கைகளில் 0.9 என்று பெருமையாகப் போட்டிருக்கும். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது என்பார்கள். ஆனால் ஒரு மாடல் எல்லா வயலிலும் உண்மையைப் போல சரியாக இரண்டு மடங்கு சொன்னாலும் அந்த எண் ஒன்றாகத்தான் வரும்! ஏற்ற இறக்கம் ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அளவு சரியா என்று சொல்லாது. சராசரியாக மாடல் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பருவ மொத்தம் பொருந்தினாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். நடவுக்குப் பின் குறைத்துச் சொன்னதும் பூக்கும் பருவத்தில் கூட்டிச் சொன்னதும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாக வந்திருக்கலாம். அப்படிப்பட்ட மாடல் அடுத்த வருடம் வேறு மழையில் கவிழ்ந்துவிடும்.

அட்டவணை வழி இன்னும் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு: அந்தச் சர்வதேச அட்டவணையை வெளியிடும் ஐ.நா. பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2006-ல் கொடுத்த அடிப்படை எண், எப்போதும் நீர் நிற்கும் வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ மீத்தேன். 2019-ல் திருத்தியபோது உலக சராசரி 1.19 ஆனது, தெற்காசியாவுக்கெனத் தனியாக 0.85 என்று கொடுத்தார்கள். 110 நாள் பயிருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணில் 143 கிலோ, புதிய தெற்காசிய எண்ணில் 93.5 கிலோ. வயலில் ஒரு சொட்டு நீர் மாறவில்லை, ஒரு நாற்று மாறவில்லை. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. பருவத்தில் ஒருமுறை நீரை வடித்தால் எவ்வளவு குறையும் என்பதற்கும் அதே அட்டவணையில் 0.71 என்று ஒரு எண் உண்டு, அதாவது 29 சதவீதம் குறைவு. பக்கத்திலேயே அதன் வீச்சும் அச்சாகியிருக்கிறது: 0.53 முதல் 0.94 வரை. குறைவு 47 சதவீதமாகவும் இருக்கலாம், வெறும் 6 சதவீதமாகவும் இருக்கலாம். ஒப்பந்தம் பேச வருகிறவர் வாயில் அந்த 6 வரவே வராது.

இதைவிடப் பெரிய பொறி கழித்தலில் இருக்கிறது. கிரெடிட் என்பது உங்கள் வயல் விட்ட வாயுவுக்கு அல்ல. 'முன்பு விட்டது கழித்தல் இப்போது விடுவது' என்ற வித்தியாசத்துக்கு. உதாரணத்துக்கு, பழைய முறையில் 100 கிலோ, புது முறையில் 60 கிலோ என்று மாடல் சொல்கிறது, மிச்சம் 40 கிலோ. இரண்டு எண்ணிலும் 20 சதவீதம் பிழை வரலாம் என்றும், இரண்டு பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 40 கிலோவில் இருக்கும் பிழை ஏறத்தாழ 23 கிலோ. அதாவது 58 சதவீதம்! "எங்கள் மாடல் 80 சதவீதம் துல்லியம்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். விற்கப்படும் சரக்கான அந்த வித்தியாசத்தில் எவ்வளவு துல்லியம் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

மீத்தேனை மட்டும் சோதித்துவிட்டு மாடல் தேறிவிட்டது என்று சொல்வதும் ஆபத்து. வயலைக் காய விட்டால் மீத்தேன் குறையும், சரி. காய்ந்து நனையும் மண்ணில், யூரியா போட்ட கையோடு, நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்றால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். மேலே சொன்ன 40 கிலோ மீத்தேன் மிச்சத்தை, வெறும் 4 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு மொத்தமாக விழுங்கிவிடும். 2018-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளியான ஆய்வு, தென்னிந்தியாவில் ஐந்து பண்ணைகளில் அளந்து, ஹெக்டேருக்குப் பருவத்தில் 33 கிலோ வரை நைட்ரஸ் ஆக்சைடு வந்த இடமும் உண்டு என்றது. அதற்கு முன் பதிவான உச்சத்தைப் போல மூன்று மடங்கு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இதை எல்லா வயலுக்கும் பொதுவாக்கக் கூடாது என்று மறுத்து எழுதினார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் சரி என்று உங்கள் வயலைப் பொறுத்தவரை சொல்லக்கூடியது உங்கள் மண்ணில் எடுத்த அளவீடு ஒன்றுதான். நைட்ரஸ் ஆக்சைடின் ஆட்டமும் வேறு மாதிரி: உரம் போட்டு நீர் கட்டிய சில நாட்களில் எகிறி அடங்கிவிடும். வாரம் ஒருமுறை பெட்டி வைப்பவர் கையில் அது சிக்காமலே போகலாம். பிறகு மாடலும் பூஜ்ஜியம் சொல்லும், அளவீடும் பூஜ்ஜியம் சொல்லும், இரண்டும் அழகாகப் பொருந்தும்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. டிஎன்டிசி போன்ற மாடல்கள் மண்ணின் களி அளவு, கரிமம், கார அமிலத் தன்மை, தினசரி வெப்பம், மழை, உரம் போட்ட தேதி, நீர் கட்டிய தேதி, வடித்த தேதி எல்லாம் கேட்கும். நியூ ஹாம்ப்ஷைர் பல்கலைக்கழகத்தின் சாங்ஷெங் லீ உருவாக்கிய நல்ல மாடல் அது. அதன் தரத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் தேதிகள் உண்மையா? குறுவையில் போர்வெல் வைத்திருப்பவர் நினைத்த நாளில் நீரை நிறுத்தலாம். ஆற்றுப் பாசனக்காரருக்கு முறை வரும்போதுதான் தண்ணீர். இன்று விட்டால் அடுத்து எப்போதோ என்று கிடைத்ததைத் தேக்கி வைப்பார். சம்பாவிலும் தாளடியிலும் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடையில் வடிகாலே எதிர்த்து வரும். பயிர் மூழ்காமல் இருந்தால் போதும் என்று இருக்கும் நவம்பரில், நீர் மறைய நீர் கட்டும் முறைப்படி, வயலில் பதித்த துளை போட்ட குழாயில் நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கட்டும் என்று யார் காத்திருக்க முடியும்? செயலியில் 'வடித்தாயிற்று' என்று ஒரு டிக் விழுந்திருந்தால் மாடல் அதை நம்பும். வயலில் முழங்கால் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். குறுவையில் தேறிய மாடலை சம்பாவுக்கும் அப்படியே பயன்படுத்துவது, வேறு ஊர் வயலை நம் தலையில் கட்டுவதற்குச் சமம்.

இது நெல்லோடு நிற்கும் சிக்கலும் அல்ல. சென்னையின் குப்பைமேடுகளில் பெட்டி வைத்து அளந்து 2008-ல் வெளியான ஆய்வில், பெருங்குடியில் சதுர மீட்டருக்கு மணிக்கு 0.9 மில்லிகிராமிலிருந்து 433 மில்லிகிராம் வரை மீத்தேன் வந்தது. ஒரே மேடு, நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அந்த அளவீட்டின்படி நகரக் கணக்கு, ஐபிசிசி முறை சொன்னதைவிடக் குறைவாக வந்தது. அமெரிக்காவிலோ 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான விமான ஆய்வில், குப்பைக் கிடங்குகள் அரசுக்குக் காட்டிய கணக்கைப் போல சராசரியாக 1.4 மடங்கு வாயு வெளியேறியது தெரிந்தது. இங்கே கணக்கு கூட, அங்கே கணக்கு குறைய. எந்தப் பக்கம் தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் பயமே.

சந்தையிலும் அடி விழத் தொடங்கிவிட்டது. கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு, நெல்வயல் மீத்தேனுக்குப் பயன்பட்டுவந்த பழைய கணக்கு முறையை 2023-ல் நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. அங்கே மாடல் மட்டுமே குற்றவாளி அல்ல. திட்டங்களின் தரம் குறித்த பல கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை. ஆனால் காகிதத்தில் கிரெடிட் ஏறிய பிறகும் திட்டம் கவிழலாம் என்பதற்கு அது போதும்.

நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று மீட்டர் காட்டினால் நாம் சும்மா இருப்பதில்லை. இன்னொரு கைப்பிடி நெல்லைப் போட்டுப் பார், வேறு மீட்டர் கொண்டு வா என்று நின்று கேட்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கண்ணுக்குத் தெரியாத மாடல் எடைபோடும்போது மட்டும் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்?

வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் டெல்டாவின் மடியிலேயே இருக்கிறது. பழைய டெல்டா, புது டெல்டா, கடைமடை மூன்றிலும், குறுவை, சம்பா, தாளடி மூன்றிலும், மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு இரண்டையும் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அந்த எண்களைப் பொதுவில் வையுங்கள். ஒரு பகுதியைப் பூட்டியே வைத்திருங்கள். டெல்டாவில் கிரெடிட் திட்டம் நடத்த வருகிற எந்த மாடலும் அந்தப் பூட்டிய எண்ணோடு மோதித் தேறிய பிறகே உள்ளே வரட்டும்.

விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாள் நீட்டுகிறவரிடம் இன்றே கேளுங்கள்: இந்த மாடலை எந்த ஊர் வயலில், எந்தப் பட்டத்தில் சோதித்தீர்கள்? சோதித்தவர் உங்கள் ஆளா, வெளியாளா? வித்தியாசத்தில் பிழை எத்தனை சதவீதம்? நைட்ரஸ் ஆக்சைடைக் கழித்தீர்களா? மழையால் நீரை வடிக்க முடியாமல் போனால் என் கணக்கு என்ன ஆகும்? பின்னால் எண் தப்பென்று தெரிந்தால், நான் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்வீர்களா? பதிலைத் தமிழில், எழுத்தில், ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.